ஒரு எண்ணுக்குப் பல பதிவுகள்: விரிதாள் ஃபார்முலா எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஓர் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் அவர் எடுத்த புத்தகங்கள் எல்லாம் கீழே கீழே வந்து நிற்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான். ஆனால் செய்து பார்த்தால் முதல் புத்தகம் மட்டும் வரும். இல்லாவிட்டால் ஒரு பிழைக் குறி வரும். இவை இரண்டையும்விட மோசமானது ஒன்று உண்டு: ஐந்து வர வேண்டிய இடத்தில் நான்கு வரும், பிழை என்று எதுவும் இருக்காது, பார்ப்பவர்கள் அதை நம்பிவிடுவார்கள். இந்தக் குறிப்பில் நான் அதிகம் கவனம் வைப்பது அந்தச் சத்தமில்லாத தவறுகளின் மேல்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலகப் பதிவேட்டை வைத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் உறுப்பினர் எண், பி-யில் புத்தகப் பெயர், சி-யில் எடுத்த தேதி, டி-யில் திரும்பிய தேதி (புத்தகம் இன்னும் வராவிட்டால் வெறுமை). முதல் வரிசை தலைப்பு. தரவு 2 முதல் 500 வரை. தேடும் எண்ணை எஃப்2-வில் போடுகிறோம், விடை எச்2-வில் தொடங்கி இறங்குகிறது. ஃபங்ஷன் பெயர்களையும் செல் முகவரிகளையும் இங்கே ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சில கணினிகளில் வட்டார அமைப்பைப் பொறுத்துக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கும். ஃபார்முலாவை ஏற்கவே மறுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

## எந்த ஃபார்முலாவையும் தொடுவதற்கு முன்

எத்தனை வர வேண்டும் என்பதை முதலில் எண்ணி வையுங்கள். இது இல்லாமல் செய்யும் எந்தத் திருத்தமும் குருட்டாம்போக்குதான். ஒரு ஓரச் செல்லில் இதைப் போடுங்கள்:

=கவுண்ட்இஃப்(ஏ2:ஏ500, எஃப்2)

அதற்குக் கீழே இன்னொன்று:

=சம்ப்ராடக்ட்(--(ஏ2:ஏ500=எஃப்2))

இரண்டும் எண்ணுகிற வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் எண்ணும் விதம் வேறு. கவுண்ட்இஃப் தாராளமானது: எண்ணாக இருக்கும் 101, எழுத்தாகச் சேமிக்கப்பட்ட 101 இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். சமக்குறி கறாரானது, அதற்கு இவை இரண்டும் வேறு வேறு. அதனால் முதல் செல் 5 என்றும் இரண்டாவது 4 என்றும் சொன்னால், உங்கள் பட்டியலில் ஓர் எண் எழுத்து வேடத்தில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே எண்ணிக்கையைச் சொல்லி, விடையில் மட்டும் குறைந்தால், கோளாறு உங்கள் தேடல் ஃபார்முலாவில். இரண்டுமே கண்ணால் பார்த்த எண்ணிக்கையைவிடக் குறைவாகச் சொன்னால், தரவிலேயே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இனி அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

## முதல் பதிவு மட்டும் வருகிறது

தேடித் தரும் ஃபங்ஷன்களான விலுக்கப், எக்ஸ்லுக்கப், இண்டெக்ஸும் மேட்சும் சேர்ந்த ஜோடி எல்லாமே பொருந்தும் முதல் வரிசையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடும். இது பிழை அல்ல, அவற்றின் வேலையே அதுதான். ஃபார்முலாவை எவ்வளவு கீழே இழுத்தாலும் அதே புத்தகம்தான் திரும்பத் திரும்ப வரும். எக்ஸ்லுக்கப்பின் ஆறாவது இடத்தில் -1 கொடுத்தால் கீழிருந்து மேலாகத் தேடிக் கடைசிப் பதிவைத் தரும். "கடைசியாக எடுத்த புத்தகம் எது" என்ற கேள்விக்கு அது போதும். எல்லாப் பதிவும் வேண்டுமென்றால் கருவியையே மாற்ற வேண்டும்:

=ஃபில்டர்(பி2:டி500, ஏ2:ஏ500=எஃப்2, "பதிவு இல்லை")

எச்2-வில் மட்டும் இதைப் போட்டு என்டர் தட்டினால் போதும். பொருந்தும் வரிசைகள் எல்லாம் தாமாகவே கீழே விரியும். மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021 மற்றும் அதற்குப் பிந்தையவற்றில் இது உண்டு. கூகுள் ஷீட்ஸில் நெடுநாளாகவே உண்டு. லிப்ரே ஆபிஸில் 2024-இல் வந்த 24.8 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. உங்களிடம் ஃபில்டர் இருந்தால், பழைய நீளமான ஃபார்முலாக்களைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் கோப்பைப் படிக்க அவை உதவும். புதிதாக எழுத வேண்டியதில்லை.

ஃபில்டர் போட்ட பிறகும் ஒன்றே ஒன்றுதான் வருகிறதா? ஃபார்முலா பட்டியில் பாருங்கள். சமக்குறியை அடுத்து @ குறி இருந்தாலோ, ஃபார்முலாவைச் சுற்றி நெளி அடைப்புக்குறிகள் இருந்தாலோ, அதுதான் காரணம். பழக்க தோஷத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்செல் அந்த ஒரு செல்லுக்குள்ளேயே விடையை அடைத்துவிடும். செல்லைக் காலி செய்துவிட்டு, வெறும் என்டர் தட்டிப் புதிதாகப் போடுங்கள்.

## வேறொருவருடைய புத்தகம் வருகிறது

விலுக்கப்பின் நான்காவது இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எதுவும் கொடுக்காவிட்டால் "ஏறக்குறையப் பொருந்தினாலும் சரி" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். 104 இல்லாத பட்டியலில் 103-இன் புத்தகத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும். நான்காவது இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 போடுங்கள். மேட்ச் என்றால் மூன்றாவது இடத்தில் 0.

## சில பதிவுகள் மட்டும் விடுபடுகின்றன

இதுதான் ஆபத்தான அறிகுறி. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எண்ணா, எழுத்தா? மேலே சொன்ன இரண்டு எண்ணிக்கைகளும் வேறுபட்டால் இதுதான். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியலையும் கையால் தட்டிய வரிசைகளையும் கலந்தால் பெரும்பாலும் இப்படி ஆகும். செல்லின் சீரமைப்பை யாரும் மாற்றாமல் இருந்தால் எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். எக்செல் பச்சை முக்கோணம் ஒன்றையும் மூலையில் காட்டும். உடனடி மருந்து, இரண்டு பக்கத்தையும் எழுத்தாக்கி ஒப்பிடுவது:

=ஃபில்டர்(பி2:டி500, ஏ2:ஏ500&""=எஃப்2&"", "பதிவு இல்லை")

ஆனால் இது 007-ஐயும் 7-ஐயும் சேர்க்காது. உறுப்பினர் எண்ணில் முன்னால் சுழியம் வருமென்றால், அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றி, விடுபட்ட சுழியங்களை நிரப்பித் தரவையே ஒழுங்குபடுத்துவதுதான் நிலையான வழி. கூட்டல் கழித்தல் செய்யப்படாத எந்த எண்ணையும் எழுத்தாகவே சேமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. புத்தகப் பெயரை வைத்து யார் யார் எடுத்தார்கள் என்று தேடும்போது இது அடிக்கடி வரும். சந்தேகப்படும் செல்லுக்குப் பக்கத்தில் =லென்(பி7) என்று போட்டுப் பாருங்கள். தமிழில் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: லென் நாம் எண்ணுகிறபடி எழுத்துகளை எண்ணாது. துணை எழுத்தையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். "பறவைகள்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, லென்னுக்கு 7. அதனால் எண்ணிக்கையைக் கண்ணோடு ஒப்பிடாதீர்கள். சரியாகப் பொருந்தும் செல்லின் லென்னோடு, பொருந்தாத செல்லின் லென்னை ஒப்பிடுங்கள். ஒன்று 7, இன்னொன்று 8 என்றால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது.

டிரிம் அதை வெட்டிவிடும். வெட்டாவிட்டால் அது சாதாரண இடைவெளி இல்லை. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தரவில் 160 என்ற குறியீட்டெண் கொண்ட, உடையாத இடைவெளி வரும். டிரிம் அதைத் தொடாது. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக்கி, பிறகு வெட்ட வேண்டும்:

=டிரிம்(சப்ஸ்டிட்யூட்(பி2, யூனிகேர்(160), " "))

(யூனிகேர் என்பது UNICHAR, பின்னால் வரும் கேர் என்பது CHAR.) பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே வரை நிரப்பி, விடையை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் பழைய இடத்தில் ஒட்டிவிடுங்கள். தேடும் ஒவ்வொரு ஃபார்முலாவுக்குள்ளும் டிரிம்மைத் திணிப்பதைவிட இது நல்லது.

இடைவெளியும் இல்லை, லென்னும் ஒன்றாகவே இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லையா? தமிழ்ப் பட்டியலாக இருந்தால் "ஸ்ரீ" வரும் பெயர்களைப் பாருங்கள். அதை ஸ் வழியாகவும் தட்டலாம், ஶ் வழியாகவும் தட்டலாம். ஶ என்ற எழுத்து, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 2005-இல் 4.1 பதிப்பில் சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே உருவம். பெயர் "ஸ்ரீ" என்று தொடங்கினால் =யூனிகோட்(பி2) போட்டுப் பாருங்கள்: ஒன்று 3000 என்று சொல்லும், மற்றது 2998 என்று சொல்லும். கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிடிபடாத இந்த வேறுபாடு இப்படி ஒரே நொடியில் பிடிபடும். ஶ வேறெங்கும் தேவைப்படாத பட்டியல் என்றால் சப்ஸ்டிட்யூட் வைத்து யூனிகேர்(2998) இருக்கும் இடத்திலெல்லாம் யூனிகேர்(3000) போட்டுவிடலாம்.

தேதிக்குள் நேரம். ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த புத்தகங்கள் எல்லாம் வேண்டும் என்று தேடினால் சில மட்டும் வரும். விரிதாளுக்குத் தேதி என்பது ஒரு முழு எண், நேரம் அதன் பின்னம். 2024 ஜனவரி 1 என்றால் 45292. அன்று நண்பகல் என்றால் 45292.5. செல் தேதியை மட்டும் காட்டும்படி அமைத்திருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சமம் ஆகாது. தேடும் தேதியை எஃப்2-வில் போட்டு, நிபந்தனையை இன்ட்(சி2:சி500)=எஃப்2 என்று எழுதுங்கள்.

வரம்பு முடிந்துவிட்டது. நேற்று வரை சரியாக வந்தது, இன்று சேர்த்த வரிசைகள் மட்டும் வரவில்லை என்றால் தரவு 500-ஐத் தாண்டியிருக்கும். எக்செலில் தரவைத் தேர்ந்து கண்ட்ரோலும் டி-யும் (டேபிளின் முதல் எழுத்தான T) அழுத்தி டேபிளாக மாற்றி, அதன் நெடுவரிசைப் பெயர்களை ஃபார்முலாவில் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

## விடையில் 1900-ஆம் ஆண்டு வருகிறது

திரும்பி வராத புத்தகத்தின் டி செல் வெறுமை. ஃபில்டர் அதை எக்செலில் 0 என்று எடுத்துவரும். அந்த இடம் தேதியாக அமைக்கப்பட்டிருந்தால் 0 என்பது 00-01-1900 என்று தெரியும். பார்ப்பவர் அலறிவிடுவார். திருத்தம்:

=இஃப்(ஃபில்டர்(பி2:டி500, ஏ2:ஏ500=எஃப்2)="", "", ஃபில்டர்(பி2:டி500, ஏ2:ஏ500=எஃப்2))

கடைசியில் &"" ஒட்டிவிடுங்கள் என்று சுருக்கமான வழி ஒன்றும் சொல்வார்கள். அது வெறுமையைச் சரிசெய்யும். ஆனால் கூடவே எண்களையும் தேதிகளையும் எழுத்தாக்கிவிடும். பிறகு கூட்டினால் தொகை சுழியம் வரும். புத்தகப் பெயர்கள் மட்டும் வரும் நெடுவரிசைக்கு அது பரவாயில்லை, தேதிக்கும் தொகைக்கும் வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, தேதி வர வேண்டிய இடத்தில் 45292 என்று நின்றால் பயப்பட வேண்டாம். விடை சரிதான், அந்தச் செல்களைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

## #ஸ்பில்! அல்லது #ரெஃப்!

விடை விரிய வேண்டிய இடத்தில் ஏதோ தடையாக நிற்கிறது. எக்செல் #ஸ்பில்! என்று சொல்லும். கூகுள் ஷீட்ஸ் #ரெஃப்! காட்டி, சுட்டியை மேலே வைத்தால் எந்தச் செல் மேலெழுதப்படும் என்றும் சொல்லும். எக்செலில் பிழைச் செல்லைத் தேர்ந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கோடிட்ட எல்லை காட்டும். பக்கத்தில் வரும் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கினால் தடையாக இருக்கும் செல்களைத் தேர்ந்து தரும் வசதியும் உண்டு. வெறும் செல் போலத் தெரிந்தாலும் யாராவது ஸ்பேஸ் தட்டி வைத்திருந்தால் அது தடைதான். அழித்துவிடுங்கள்.

இணைத்த செல்கள் இருந்தாலும் விரியாது. டேபிளுக்குள் ஃபில்டர் போட்டாலும் எக்செல் விரிக்காது. அங்கே அழிப்பதற்கு எதுவும் இல்லை, ஃபார்முலாவை டேபிளுக்கு வெளியே கொண்டுபோவதுதான் வழி.

## #கால்க்!, #என்/ஏ

பொருந்துவது ஒன்றுமே இல்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். எக்செலில் ஃபில்டரின் மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டால் #கால்க்! வரும். ஷீட்ஸில் #என்/ஏ வரும். ஷீட்ஸ் ஃபில்டருக்கு "இல்லாவிட்டால் இதைச் சொல்" என்ற இடமே கிடையாது, மூன்றாவதாகக் கொடுப்பதையும் இன்னொரு நிபந்தனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். எக்செல் ஃபார்முலாவை அப்படியே ஷீட்ஸில் ஒட்டினால் பிழை வருவது இதனால்தான். அங்கே இஃப்என்ஏ என்பதை வெளியே சுற்றுங்கள்.

வரம்புகளின் நீளம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பி2:டி500 எடுத்துவிட்டு நிபந்தனையில் ஏ1:ஏ500 என்று கொடுத்தால் எக்செல் #வேல்யூ! சொல்லும், ஷீட்ஸ் #என்/ஏ சொல்லும்.

## ஒரே ஒரு செல் கெட்டால் மொத்தமும் கெடுகிறது

ஏ நெடுவரிசையில் எங்கோ ஒரு செல்லில் #என்/ஏ இருக்கிறது என்று வையுங்கள். அது உங்கள் உறுப்பினருக்குச் சம்பந்தமே இல்லாத வரிசையாக இருக்கலாம். ஆனாலும் எக்செலில் ஃபில்டர் முழுவதும் பிழையாகிவிடும், ஏனென்றால் நிபந்தனையில் ஒரு விடை பிழை. இதற்கு வெளியே இஃப்எரர் சுற்றுவது தவறான மருந்து. இருக்கும் பதிவுகளையும் சேர்த்து மறைத்து, "பதிவு இல்லை" என்று பொய் சொல்லும். உள்ளே சுற்றுங்கள்:

=ஃபில்டர்(பி2:டி500, இஃப்எரர்(ஏ2:ஏ500=எஃப்2, ஃபால்ஸ்), "பதிவு இல்லை")

பொதுவாகவே, எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கையோடு சரிபார்த்த பிறகுதான் இஃப்எரர் போட வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால், எது உடைந்திருக்கிறது என்று சொல்லும் ஒரே வாயையும் அடைத்துவிடுகிறீர்கள்.

## இரண்டு நிபந்தனை கொடுத்தால் வேலை செய்யவில்லை

101 எடுத்து, இன்னும் திருப்பாத புத்தகங்கள் வேண்டும். மனம் இயல்பாக அண்ட் என்பதை நாடும். ஆனால் அண்ட் 499 வரிசைகளையும் சேர்த்து ஒரே ஓர் ஆம் அல்லது இல்லையாகச் சுருக்கிவிடும். நமக்கு வேண்டியது வரிசைக்கு ஒரு விடை. அதனால் பெருக்குங்கள்:

=ஃபில்டர்(பி2:டி500, (ஏ2:ஏ500=எஃப்2)*(டி2:டி500=""), "பாக்கி இல்லை")

இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்றால் பெருக்கலுக்குப் பதில் கூட்டல். ஒவ்வொரு நிபந்தனையையும் தனி அடைப்புக்குறிக்குள் வைப்பது கட்டாயம். வைக்காவிட்டால் பெருக்கல் முதலில் நடந்து, ஒப்பீடு பின்னால் நடக்கும், விடை தாறுமாறாகும்.

பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேட நட்சத்திரக் குறி போட்டுப் பார்த்திருப்பீர்கள். விலுக்கப்பும் கவுண்ட்இஃப்பும் அதை ஏற்கும், ஃபில்டருக்குள் இருக்கும் சமக்குறி ஏற்காது. இஸ்நம்பர்(சர்ச்(எஃப்2, பி2:பி500)) என்று நிபந்தனை எழுதுங்கள். எஃப்2 வெறுமையாக இருந்தால் இது எல்லா வரிசையையும் கொண்டுவந்து கொட்டும், அது எதிர்பார்த்ததுதான்.

## #நேம்? வருகிறது

உங்கள் பதிப்பில் ஃபில்டர் இல்லை. எக்செல் 2019-இலும் அதற்கு முந்தையவற்றிலும் கிடையாது. புதிய எக்செலில் செய்த கோப்பை அங்கே திறந்தால் ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் புரியாத முன்னொட்டு ஒன்றும் சேர்ந்து தெரியும். இரண்டு வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது துணை நெடுவரிசை, ஏனென்றால் தவறு எங்கே என்று அதில் கண்ணால் பார்க்க முடியும்.

ஈ2-வில் இதைப் போட்டு 500 வரை நிரப்புங்கள்:

=ஏ2&"|"&கவுண்ட்இஃப்($ஏ$2:ஏ2, ஏ2)

101 முதலில் வரும் இடத்தில் 101|1, அடுத்து வரும் இடத்தில் 101|2 என்று ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் கிடைக்கும். தொடக்கம் டாலர் குறியால் பூட்டப்பட்டிருக்கிறது, முடிவு பூட்டப்படவில்லை. அந்த வேறுபாடுதான் எண்ணிக்கையை வளர்க்கிறது. இரண்டையும் பூட்டினால் எல்லா வரிசையிலும் ஒரே எண் வரும். பிறகு எச்2-வில்:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்($பி$2:$பி$500, மேட்ச்($எஃப்$2&"|"&ரோஸ்(எச்$2:எச்2), $ஈ$2:$ஈ$500, 0)), "")

நடுவில் இருக்கும் அந்தச் செங்குத்துக் கோடு அலங்காரம் அல்ல. அதை விட்டுவிட்டால் 1-ஆம் உறுப்பினரின் 11-ஆவது புத்தகம் 111 ஆகும். 11-ஆம் உறுப்பினரின் முதல் புத்தகமும் 111 ஆகும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் புத்தகம் வந்து நிற்கும், எந்தப் பிழைக் குறியும் இல்லாமல்.

விடைகளுக்கு நடுவில் ஓட்டை விழுந்தால், அதாவது முதல் செல் காலி, இரண்டாவதில் புத்தகம் என்று வந்தால், மறுபடியும் 007-ம் 7-ம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கவுண்ட்இஃப் இரண்டையும் ஒன்றாக எண்ணி 007|1, 7|2 என்று அடையாளம் கொடுத்திருக்கும். 7|1 என்பதே பட்டியலில் இருக்காது. 16 இலக்க அடையாள எண்கள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவை எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தாலும் கவுண்ட்இஃப் முதல் 15 இலக்கங்களைத்தான் பார்க்கும், கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரண்டு எண்களை ஒன்றாக்கிவிடும். அங்கே கவுண்ட்இஃப்புக்குப் பதில் சம்ப்ராடக்ட்(--($ஏ$2:ஏ2=ஏ2)) போடுங்கள்.

## நீளமான பழைய ஃபார்முலா தப்பு விடை தருகிறது

துணை நெடுவரிசை சேர்க்க முடியாத கோப்புகளில் இது இருக்கும்:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்($பி$2:$பி$500, ஸ்மால்(இஃப்($ஏ$2:$ஏ$500=$எஃப்$2, ரோ($ஏ$2:$ஏ$500)-ரோ($ஏ$2)+1), ரோஸ்(எச்$2:எச்2))), "")

பொருந்தும் வரிசை எண்களைச் சேகரித்து, ஸ்மால் வழியாக மிகச் சிறியது, அடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுக்கிறது. இது உடையும் இடங்கள் மூன்று.

விடை ஒரு வரிசை தள்ளி வந்தால், -ரோ($ஏ$2)+1 என்ற பகுதியை யாரோ விட்டிருக்கிறார்கள். ரோ தருவது தாளின் வரிசை எண். இண்டெக்ஸுக்கு வேண்டியது வரம்புக்குள் எத்தனையாவது என்பது. 2-ஆம் வரிசையில் பொருந்தினால் இண்டெக்ஸ் வரம்பின் இரண்டாவதை, அதாவது பி3-ஐ எடுத்துவிடும். 500-ஆம் வரிசையில் பொருந்தினால் 499 நீளமுள்ள வரம்பில் 500-ஆவதைக் கேட்டு #ரெஃப்! ஆகும், அதை இஃப்எரர் வெறுமையாக்கி மறைத்துவிடும். ஒரே தவறு, மேலே தவறான புத்தகமாகவும் கீழே காணாமல்போன புத்தகமாகவும் தெரிகிறது.

ஒன்றுமே வரவில்லை, அல்லது ஒன்று மட்டும் வருகிறது என்றால், எக்செல் 2019 வரை இதைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தித்தான் உள்ளிட வேண்டும். நெளி அடைப்புக்குறி தானாக வரும், கையால் தட்டக் கூடாது. யாராவது செல்லைத் திறந்து பார்த்துவிட்டு வெறும் என்டர் தட்டினால் போதும், அது போய்விடும். பலர் புழங்கும் கோப்பில் இதைவிட அக்ரிகேட் பாதுகாப்பானது; எக்செல் 2010 முதல் உண்டு, சாதாரண என்டர் போதும்:

=இஃப்எரர்(இண்டெக்ஸ்($பி$2:$பி$500, அக்ரிகேட்(15, 6, (ரோ($ஏ$2:$ஏ$500)-ரோ($ஏ$2)+1)/($ஏ$2:$ஏ$500=$எஃப்$2), ரோஸ்(எச்$2:எச்2))), "")

15 என்றால் ஸ்மால், 6 என்றால் பிழைகளைத் தவிர். பொருந்தாத வரிசைகளில் சுழியத்தால் வகுத்துப் பிழையாக்கி, அந்தப் பிழைகளை ஒதுக்குவதுதான் இதன் உத்தி.

மூன்றாவது, கீழே போகப் போகப் பதிவுகள் உதிர்வது. எங்கோ டாலர் குறி விட்டுப்போய் வரம்பு நழுவுகிறது. கடைசி விடைச் செல்லைத் திறந்து வரம்புகளின் தொடக்கம் 2-ஆகவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஃபார்முலாவைப் பத்து வரிசைதான் நிரப்பியிருக்கிறீர்கள், ஒருவருக்குப் பதினொரு புத்தகம் இருந்தால் பதினொன்றாவது வராது. ஓரத்தில் போட்டு வைத்த எண்ணிக்கை இதைக் காட்டிக்கொடுக்கும்.

## எல்லாம் ஒரே செல்லில் வேண்டும்

டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ஃபில்டர்(…)) போதும். காற்புள்ளிகள் வரிசையாகக் கொட்டினால் இரண்டாவது இடத்தில் ஃபால்ஸ் இருக்கும், ட்ரூ ஆக்குங்கள். தேதிகள் 45292 போல வந்தால் அவற்றை டெக்ஸ்ட் ஃபங்ஷனில் தேதி வடிவம் கொடுத்துச் சுற்றுங்கள், இங்கே செல் வடிவத்தை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொன்றும் தனி வரியில் வேண்டுமென்றால் பிரிப்பானாக கேர்(10) கொடுத்து, செல்லுக்கு வரி மடிப்பு வசதியை இயக்க வேண்டும். ஓர் எக்செல் செல் 32,767 எழுத்துக்குறிகளுக்கு மேல் தாங்காது.

## ஒரே புத்தகம் இருமுறை வருகிறது

ஃபில்டரைச் சுற்றி யூனிக் போட்டால் போய்விடும். போடுவதற்கு முன் யோசியுங்கள்: அந்த உறுப்பினர் அதே புத்தகத்தை இரண்டு முறை எடுத்திருக்கலாம். தேதியையும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். தேதியும் ஒன்றாகவே இருந்தால் பதிவேட்டில் இரட்டைப் பதிவு இருக்கக்கூடும், அதைப் பதிவேட்டில்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

## எண்ணை மாற்றினாலும் விடை மாறவில்லை, அல்லது தாள் திணறுகிறது

மாறாவிட்டால் கணக்கிடும் முறை கைமுறைக்குப் போயிருக்கும். எஃப்9 விசையை அழுத்தியதும் மாறினால் அதுதான். ஃபார்முலா தாவலில் தானியங்கி முறைக்கு மாற்றுங்கள்.

திணறினால் முதலில் ஏ:ஏ என்று முழு நெடுவரிசையைக் கொடுத்த இடங்களைத் தேடுங்கள். எக்செலில் ஒரு நெடுவரிசை என்றால் 10,48,576 வரிசை. ஸ்மால் ஃபார்முலாவை நூறு செல்லில் நிரப்பியிருந்தால் ஒவ்வொரு செல்லும் அத்தனையையும் தனித்தனியாகப் புரட்டும். வரம்பைச் சுருக்கியும் மெதுவாக இருந்தால், தரவை உறுப்பினர் எண் வாரியாக அடுக்கிவிடுங்கள். ஒருவருடைய பதிவுகள் அடுத்தடுத்து வந்துவிடும். முதல் இடத்தை மேட்ச் ஒரே ஒரு முறை தேடிக் கண்டுபிடித்தால் போதும், எத்தனை என்று கவுண்ட்இஃப் ஒரு முறை எண்ணினால் போதும். அந்த இரண்டு விடைகளையும் ஜி2, ஜி3 செல்களில் வைத்துக்கொண்டு, எச்2-விலிருந்து கீழே இதை நிரப்புங்கள்:

=இஃப்(ரோஸ்(எச்$2:எச்2)>$ஜி$3, "", இண்டெக்ஸ்($பி$2:$பி$500, $ஜி$2+ரோஸ்(எச்$2:எச்2)-1))

இதில் எந்தச் செல்லும் மறுபடி தேடுவதில்லை. புதிய பதிவைக் கடைசியில் சேர்த்தால் மறுபடியும் அடுக்க வேண்டும். அடுக்க மறந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் கடைசிப் புத்தகம் அடுத்த உறுப்பினருடையதாக இருக்கும். அதனால் பக்கத்து நெடுவரிசையில் அதே ஃபார்முலாவை $ஏ$2:$ஏ$500 வரம்போடு நிரப்பி, வரும் எண்கள் எல்லாம் எஃப்2-தானா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.